இரண்டு எண்ணிக்கை மிச்சம்

கைதட்டுவதற்காக ஒருவர் உயர்த்திய கைகள் தட்டாமலே மடிக்குத் திரும்பினால், அதற்கு யார் பொறுப்பு?

சென்ற ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், டோர்ட்மண்ட் நகரின் வடபகுதியில், ஒரு தெருவிழா மேடையில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி என் எதிரே வந்து நின்றது. நல்ல வெயில். மேடை என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள் – நான்கு மரப்பலகைகளும் ஒரு குடையும்தான். எதிரே இரண்டு நீள் பெஞ்சுகள். முதல் பெஞ்சில் சாம்பல் நிறச் சட்டை அணிந்த ஒரு பெண். நாங்கள் ஒரு மெட்டின் இரண்டாம் பகுதிக்கு வந்தபோது அவர் மடியிலிருந்த கைகளை மெதுவாக உயர்த்தினார். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. நாங்கள் வாசித்துக்கொண்டே போனோம். கைகள் இறங்கிவிட்டன.

மெட்டு மறுபடி சுற்றி வந்தது. கைகள் மறுபடி உயர்ந்தன. மறுபடி இறங்கின.

மூன்றாம் முறை அவை மடியைவிட்டு எழவே இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது, பொறுப்பு யாருடையது என்பதும் சேர்ந்தே விளங்கிவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

திருச்சியில் எட்டு ஆண்டுகள் கர்நாடக இசையில் வயலின் கற்றவள் நான். பிறகு சமூகப்பணியில் பட்டம் பெற்றேன், திருமணம் செய்துகொண்டேன், கணவரின் பொறியாளர் வேலையை ஒட்டி ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன். இப்போது கெல்சென்கிர்ச்சனில் ஓர் ஆலோசனை அலுவலகத்தில் பகுதிநேர வேலை. அரசு அலுவலகக் கடிதங்களைக் கண்டு மிரளும் மக்களுக்காக விண்ணப்பங்களை எழுதுவது, அவர்கள் சொல்வதை ஜெர்மனில் ஒழுங்குபடுத்தித் தருவது. ஒழுங்குபடுத்துவது... இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், டோர்ட்மண்டில் ஒரு நூலகக் கிளையின் பின்னறையில் புதன்கிழமைதோறும் சிலர் கூடி நாட்டுப்புற மெட்டுகள் வாசிப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வயலின்தான், ஆனால் அதைக் கச்சேரி வாத்தியமாக நடத்தாமல், ஆட்டத்துக்குத் துணையாக நடத்துகிறவர்கள். அயர்லாந்து, சுவீடன், போலந்து, வடஜெர்மனி என்று எங்கிருந்தாவது ஒரு மெட்டை ஒவ்வொரு வாரமும் ஒருவர் கொண்டுவருவார். ஆசிரியர் என்று எவரும் கிடையாது. விதி ஒன்றே ஒன்று – காகிதம் கூடாது. கொண்டுவந்தவர் ஒரு சிறு துண்டை வாசிப்பார். மற்றவர்கள் திருப்பி வாசிப்போம். மறுபடி. மறுபடி. ஒரு மாலையில் ஒரு மெட்டுத்தான் நகரும்.

"எழுதிவைத்தால் கண் சோம்பேறியாகாது, காதுதான் சோம்பேறியாகும்" என்பார் ரெனாட்டே. தபால் விநியோகத்தில் முப்பது ஆண்டுகள் சைக்கிள் மிதித்தவர். குழுவின் சாவியும் தேநீர்ப் பாத்திரமும் அவர் பொறுப்பில் இருந்தன.

நான் இந்த விதியை முதல் வாரமே மீறினேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். மடியில் ஒரு சிறு நோட்டு. அதில் தமிழில் ஸ, ரி, க, ம. யாருக்கும் விளங்காத எழுத்து என்ற தைரியம்!

நம் முறைப்படி பயின்றவர்களுக்கு இந்த மெட்டுகள் எளிது என்றுதான் நினைத்தேன். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாசித்தவளுக்கு நாற்காலியே முதல் எதிரி. வயலினின் தலையைத் தாங்க என் பாதம் அங்கே இல்லை. தாடையால் பிடிக்க வேண்டும். கழுத்து ஒரு மாதம் வலித்தது. விரலோ நேராக ஒரு சுரத்தில் போய் நிற்க மறுத்தது. அசைந்து அசைந்துதான் போகும். "உன் மெட்டுக்குக் குளிரடிக்கிறது போலிருக்கிறது, நடுங்குகிறதே" என்று ரெனாட்டே சிரித்தார். வீட்டில் பயிற்சி செய்யும்போது வில்லைத் தொடாமல் முதலில் முணுமுணுத்துப் பார்ப்பேன். பாத்திரம் கழுவும்போது, ரயிலுக்குக் காத்திருக்கும்போது, இடதுகை விரல்கள் கைப்பையின் வாரில் மெட்டைத் தேடிக்கொண்டிருக்கும். கடைசித் துண்டை முதலில் பழகி, அங்கிருந்து பின்னோக்கி வருவேன். அப்போதுதான் மெட்டு முன்னால் போகப் போகப் பழகிய இடத்துக்கு வந்து சேரும்.

குழுவில் இன்னொரு தமிழர் இருந்தார். சிவநேசன். யாழ்ப்பாணத்தார், வயது நாற்பத்து மூன்று, ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் அதிகாலை முறை. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் எவரிடமும் வயலின் கற்றவரல்லர். சுரம் தெரியாது, ராகம் தெரியாது, மேற்கத்திய எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு மெட்டை நாங்கள் ஆறு முறை கேட்டால் அவர் மூன்று முறை கேட்பார். மூன்றாம் முறை அவர் வில் எங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

"எப்படி அண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாத இசை எல்லே தங்கச்சி. அப்ப மறக்க ஏலாது."

இந்த வசந்தகாலத்தில் அவர் முறை வந்தபோது ஒரு போல்கா மெட்டைக் கொண்டுவந்தார். இரண்டு இரண்டாக எண்ணி ஆடும் ஆட்டத்துக்கான மெட்டு. துள்ளல் இருந்தாலும் அடியில் ஏதோ ஒரு கனம். அதை எங்கே கற்றார் என்று ரெனாட்டே கேட்க, அவர் ஜெர்மனில் சொன்னதை நான் தமிழில் சுருக்கித் தருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தபோது, கெல்சென்கிர்ச்சனின் ஓரத்தில் ஒரு விடுதியில் அவரைத் தங்கவைத்திருந்தார்கள். அடுத்த அறையில் மாரெக் என்ற போலந்துக்காரர். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. பொதுச் சமையலறையில் பார்த்தால் தலையசைப்பார்கள், உப்பு கொடுப்பார்கள், வாங்குவார்கள். மாலையில் மாரெக் தன் அறையில் வயலின் வாசிப்பார். தினமும் பல மெட்டுகள், ஆனால் முடிவில் இந்த ஒன்று. இடையில் ஒரு பலகைச் சுவர். சிவநேசன் தன் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். பதினான்கு மாதங்கள். பிறகு இவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் ஒரு வயலினை வாங்கி, தலைக்குள் இருந்த அந்த மெட்டைத்தான் முதலில் தேடிப் பிடித்திருக்கிறார்.

ஒரு மெட்டை நேரில் பார்க்காமல், விரல் எங்கே வைக்கப்படுகிறது என்றுகூடத் தெரியாமல், சுவர் வழியாக மட்டுமே கற்ற ஒருவர்!

நாங்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். முதல் பகுதி சுகமாக வந்தது. இரண்டாம் பகுதியில்தான் என் தொடைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை தடுமாறியது. நான்கு அளவுகள் – ஓர் அளவுக்கு இரண்டு எண்ணிக்கை – வாசித்தபின் சிவநேசன் நிறுத்தினார். ஒன்று, இரண்டு – வெறும் இரண்டு எண்ணிக்கை. வில் நரம்பைவிட்டு எழுந்து நின்றது. பிறகு மிச்சம் நான்கு அளவுகள். எட்டு வரவேண்டிய இடத்தில் ஒன்பது.

எட்டாண்டுகள் தாளம் போட்டு வளர்ந்த கை இதைப் பொறுக்குமா?

தேநீர் இடைவேளையில் அவரிடம் போனேன். "அண்ணா, அந்த எடத்துல ரெண்டு எண்ணிக்கை மிச்சமா வருது. தாளம் இடிக்குது."

"ஓம். அதில அவர் நிப்பாட்டுவார்."

"ஏன்?"

"ஏன் எண்டு எனக்குத் தெரியாது. நிப்பாட்டுவார்."

"ஒருவேளை அந்த எடத்துல அவருக்குத் தடுமாற்றம் இருந்திருக்கலாம் இல்லையா? அடுத்த விரல் எங்கன்னு தேடியிருக்கலாம். இல்ல, சுவர் வழியா கேட்டதுல உங்களுக்கு ரெண்டு சுரம் கேக்காமப் போயிருக்கலாம்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தங்கச்சி, பதினாலு மாசம் கேட்டனான். வேலை செய்ய விடேல்ல, பக்கத்து ஊருக்குப் போக விடேல்ல. கேக்கிறதைத் தவிர எனக்கு வேற என்ன வேலை? விட்டுப்போகேல்ல."

பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஆனால் தெருவிழாவுக்கான அழைப்பு வந்தது. உள்ளூர்ச் செய்தித்தாளில் ரெனாட்டே கொடுத்த சிறு குறிப்பில், அகதி விடுதியின் சுவர் வழியாகக் கற்ற போல்கா என்று மாரெக்கின் பெயரோடு ஒரு வரி சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் ரெனாட்டேக்கு ஒரு தொலைபேசி. எவா என்று ஒரு பெண்; ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறார். அந்த விடுதியில் இருந்த மாரெக் தன் தகப்பனாராக இருக்கலாம் என்றார். எவாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது தகப்பன் போலந்தைவிட்டுப் புறப்பட்டவர். மனைவியையும் மகளையும் பிறகு அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்தப் பிறகு வரவே இல்லை. ஜெர்மனியிலேயே இறந்துபோனார். வயலின் என்ன ஆனது என்று தெரியாது. ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. அவர் வாசித்தது மங்கலாக நினைவிருக்கிறது. கேட்டால் அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன், வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த புதன்கிழமை ரெனாட்டே இதை எங்களிடம் சொன்னார்.

சிவநேசன்தான் முதலில் பேசினார். என்னிடம், தமிழில். "அப்ப நான் கேட்ட மாதிரியே வாசிப்பம். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் புதுசா ஒண்டும் செய்து குடுக்கத் தேவையில்லை."

"அவங்க வர்றதுனாலதான் அண்ணா சரியா வாசிக்கணும்" என்றேன் நான். "அப்பா வாசிச்சதைக் கேக்க ஒரு மகள் வர்றாங்க. அவங்க முன்னால அந்த மனுஷனைத் தடுமாற விடலாமா? தெரியாத ஊர்ல, தனியா, என்ன மனநிலையில வாசிச்சாரோ. அந்தத் தப்பை நாம ஏன் காப்பாத்தி வெக்கணும்?"

இந்த வாக்கியங்களை நான் முழு நேர்மையோடு சொன்னேன். இறந்த ஒருவரின் மரியாதையைக் காப்பதாகவே நம்பினேன். அதோடு நிற்காமல் என் நோட்டை எடுத்து, ரெனாட்டேக்கும் மற்றவர்களுக்கும் கட்டைவிரலால் எண்ணிக்காட்டி, எட்டு அளவு ஏன் இயல்பானது, ஆட்டக்காரர்களின் கால் ஒன்பதில் எப்படிச் சிக்கும் என்றெல்லாம் விளக்கினேன். நோட்டு வெளியே வந்துவிட்டதே என்றுகூடத் தோன்றவில்லை. ரெனாட்டே நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எட்டாக வாசித்துப் பார்த்தோம். வழவழவென்று ஓடியது. எல்லோருக்கும் பிடித்தது. வழவழப்பு எப்போதும் எல்லோருக்கும் பிடிக்கும்.

சிவநேசன் வயலினைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நீங்கள் அன்ட்ராக் எழுதிற ஆள் எல்லே" என்றார். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். இங்குள்ள ஈழத்தமிழர்கள் பலருக்கு அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. "என்ர முதல் அகதி விசாரணையில நான் சொன்னனான், இந்த ரெண்டு நாள் நான் எங்க இருந்தனான் எண்டு ஞாபகம் இல்லை எண்டு. மொழிபெயர்த்தவர் நல்ல மனுசன். ரெண்டு நாள் வெறுமையாக் கிடந்தா வடிவில்லை எண்டு நினைச்சிருப்பார் போல. தானே நிரப்பிவிட்டார். பிறகு அடுத்த விசாரணையில நான் திருப்பியும் ஞாபகம் இல்லை எண்டு சொல்ல, நீ மாத்திக் கதைக்கிறாய் எண்டு சொல்லிச்சினம்."

"அய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்த ரெண்டு நாளைத் திருப்பி வெறுமையாக்க எனக்கு ஏழு வருசம் எடுத்தது."

எல்லாம் முடிந்துபோன ஒரு வேடிக்கையைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு அவர், "சரி, படிச்ச பிள்ளை சொல்லுறியள். எட்டாவே வாசிப்பம்" என்றார்.

அவர் எனக்கு ஒரு பதிலைச் சொல்லியிருந்தார். நான் அதை ஒரு கதை என்று கேட்டுக்கொண்டேன்.

அன்றே ரெனாட்டே எங்கள் எட்டு அளவு வாசிப்பைப் பதிவுசெய்து, பான் நகரில் உள்ள இதே போன்ற ஒரு குழுவுக்கு அனுப்பிவைத்தார். மெட்டுகள் அப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை.

வாசித்து முடித்ததும் நல்ல கைதட்டல். பெஞ்சிலிருந்த சாம்பல் சட்டைப் பெண்ணும் தட்டினார், எல்லோரையும் போல. பிறகு மேடைக்கு வந்து ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கினார். அவர்தான் எவா. முப்பது வயது இருக்கலாம். கண்ணில் நீர் எதுவும் இல்லை. அதுவே எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"மிக அழகாக இருந்தது" என்றார். "ஆனால் இது என் அப்பா வாசித்தது அல்ல. அதைப் போல ஏதோ ஒன்று. ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் அல்லவா? உங்களுக்கு வீண் தொந்தரவு கொடுத்துவிட்டேன்."

மாலைப் பணிமுறை இருப்பதாகச் சொல்லி, டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

ரெனாட்டே தோளைக் குலுக்கினார். நான் சிவநேசனைப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாகத் தாம் பத்திரமாக வைத்திருந்தது உரியவரிடம் போய்ச் சேரும்போது அடையாளமின்றிப் போனதை அவர் அப்போதுதான் பார்த்துமுடித்திருந்தார். வயலினைப் பெட்டியில் வைக்காமலே கையில் எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லட்டுமா?"

"கதைச்சு விளங்கப்படுத்த ஏலாது தங்கச்சி. இது கேட்டாத்தான்."

அவர் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். டிராம் வர நான்கு நிமிடம் என்று பலகை காட்டியது. மூச்சு வாங்கியபடி சிவநேசன் எவாவிடம், "ஒரு நிமிடம். நான் கேட்டபடி வாசிக்கிறேன்" என்று மட்டும் ஜெர்மனில் சொன்னார். தாடையின்கீழ் வயலினை வைத்தார். சாலையோரம் வாசித்துப் பிழைப்பவர் என்று நினைத்து, ஒரு முதியவர் தன் மனைவியை மெல்ல விலக்கி நிறுத்திக்கொண்டார்.

முதல் பகுதி. எவா மரியாதைக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பகுதி. நான்கு அளவுகள். வில் எழுந்து நின்றது. ஒன்று... இரண்டு...

எவாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கைகள் எழவில்லை. இம்முறை நேரம் தவறிவிட்டது. வில் இறங்கி மிச்சத்தை வாசித்து முடித்தது. சிவநேசன் கண்ணைத் திறக்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டாம் பகுதி மீண்டும் வந்தது. நான்கு அளவுகள். வில் எழுந்தது.

தட், தட்.

எவா இரண்டு முறை கைதட்டியிருந்தார். பலமாக அல்ல. ஆனால் மிகச் சரியாக – ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று. என் தாளக்கை அதைவிடச் சரியாகப் போட்டதில்லை.

சிவநேசனின் வில் அடுத்த சுரத்துக்கு வரவில்லை. அவர் வாசிப்பு அந்த இடத்துக்குப் பிறகு நின்றுபோனதை நான் பார்த்தது அன்றுதான். இருபது ஆண்டுகளாக அவர் காப்பாற்றிவந்த வெறுமையில் முதல்முறையாக ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. எப்படி வரும்?

"அது என்ன?" என்று அவர் கேட்டார்.

எவா சொன்னார். போலந்தில், அவர்கள் வீட்டுச் சமையலறையில், தகப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பார். இவர் எதிரே நிற்பார். அந்த இடம் வந்ததும் தகப்பன் நிறுத்துவார். இவர் இரண்டு முறை கைதட்ட வேண்டும். தட்டினால் மெட்டு மேலே போகும். மறந்துவிட்டால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார். இவர் வேண்டுமென்றே மறப்பாராம், சில நாட்களில்.

"மெட்டு எனக்குச் சரியாக நினைவில்லை" என்றார் எவா. "என் இடம் மட்டும்தான் நினைவிருந்தது. மேடையில் நீங்கள் வாசித்தபோது அந்த இடம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை."

டிராம் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. நின்றிருந்தவர்கள் ஏறினார்கள். எவா ஒரு காலைப் படியில் வைத்தவர், திரும்பிக் கேட்டார்.

"இங்கே வந்தபின், அந்த விடுதியிலும் அவர் அந்த இடத்தில் நிறுத்தினாரா? தனியாக வாசித்தபோதும்?"

சிவநேசன் சொன்னார்: "ஒவ்வொரு முறையும்."

கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள்கள் மட்டும் தெரிந்தன. டிராம் வளைவில் திரும்பும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

திரும்பி நடக்கும்போது மன்னிப்புக் கேட்க முயன்றேன். "அண்ணா, நான் அதைத் தப்புன்னு..."

"விடுங்கோ தங்கச்சி. எனக்கும்தான் தெரியாது, அது என்ன எண்டு. நான் கேட்டதைச் செய்தனான், அவ்வளவுதான்." சிறிது தூரம் போனபின், "ஆனா நல்ல காலம், அந்தப் பிள்ளைக்கு டிராம் பிந்தினது" என்றார்.

அன்றிரவு முழுவதும் அந்த நான்கு நிமிடத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். டிராம் முன்பே வந்திருந்தால்? என் திருத்தம் எல்லோரும் கைதட்டிய ஒரு நல்ல காரியமாகவே முடிந்திருக்கும். தனியறையில், கைதட்ட யாரும் இல்லாத இடத்திலும், மகளுக்காக இரண்டு எண்ணிக்கை காத்திருந்த ஒரு மனிதரை நான் அழித்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்திருக்காது. எவா தன் தகப்பன் இவரல்லர் என்ற முடிவோடு வேலைக்குப் போயிருப்பார்.

கேட்டுக் கற்பது என்பதில் நான் பெருமையாக நினைத்திருந்ததெல்லாம் சுரங்களைப் பிடிக்கும் வேகத்தைத்தான். சிவநேசன் கேட்டது வேறு. அவர் காரணம் தெரியாததையும் கேட்டார். காரணம் தெரியாததாலேயே அதில் கைவைக்கவில்லை. படித்தவளான எனக்கு ஒரு காரணம் உடனே கிடைத்துவிட்டது – தடுமாற்றம். பிறர் வாழ்க்கையில் நமக்கு விளங்காத ஓர் இடம் வந்தால் அதைத் தடுமாற்றம் என்று பெயரிட்டு நேர்செய்துவிடுகிறோமே... இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது? எத்தனை பேருடைய விண்ணப்பங்களில், எத்தனை இரண்டு நாட்களை நான் நல்ல மனத்தோடு நிரப்பியிருப்பேன்?

மறுவாரம் பான் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை முழுவதும் சொல்லி, சரியான வாசிப்பையும் அனுப்பினேன். அன்பான பதில் வந்தது. கதை மனத்தைத் தொட்டது என்றும், ஆனால் அவர்களுடைய ஆட்டக்காரர்களுக்கு எட்டே பழகிவிட்டது, காலுக்கு வசதியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த மெட்டு அங்கிருந்து வேறெங்கோ போயிருக்கவும் கூடும். அதைத் திரும்ப அழைக்க எனக்கு வழி தெரியவில்லை.

எவா இரண்டு புதன்கிழமைகள் எங்கள் அறைக்கு வந்தார். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. சிவநேசனுக்கு எதிரே உட்கார்ந்து, தன் இடம் வரும்போது தட்டினார். இரண்டாம் வாரம் ஒருமுறை வேண்டுமென்றே தட்டாமல் இருந்தார். சிவநேசன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

டோர்ட்மண்டில் இப்போது அந்தப் போல்காவை ஒன்பது அளவாக வாசிக்கிறோம். என் நோட்டு வீட்டில் இருக்கிறது. அலுவலகத்தில், என் எதிரே பேசுகிறவர் ஓரிடத்தில் நிறுத்தினால், "இங்கே நிறுத்தினார்" என்றே எழுதுகிறேன்.